பச்சைக் குழந்தையோடு வீட்டில்: முதல் 45 நாளுக்கான முழு வழிகாட்டி

டெல்டாப் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டில் ஆளுக்குக் குறைவே இருக்காது. இருந்தும் முதல் இரண்டு வாரம் பல வீடுகள் தடுமாறிப் போகின்றன. எது முதலில், எது பிறகு என்கிற வரிசை தவறுவதுதான் காரணம். குளிப்பாட்டுவது, சாம்பிராணி போடுவது, பெயர் பார்ப்பது, வருகிறவர்களுக்குக் காப்பி போடுவது என்று வீடு பரபரப்பாக இருக்கும். பால் கொடுப்பதும் தாய் கண்ணயர்வதும் இதற்கிடையில் கிடைத்த நேரத்தில் நடக்கும். இதை மாற்ற வேண்டும். பாலும் தாயின் தூக்கமும் முதலில். மற்ற எல்லாம் அவற்றுக்கு இடம் விட்டு நடக்கட்டும்.

அக்கா தங்கை, நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று பல பேறுகால வீடுகளில் கூடமாட இருந்து பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். தாய் வீட்டில் முதல் பிள்ளை என்று வைத்துக்கொண்டு படியுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தை என்றால் டாக்டர் சொன்னபடிதான் எல்லாம் நடக்க வேண்டும்.

1. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்

கிளம்புகிற அவசரத்தில் பையைக் கட்டுவதிலேயே எல்லோரும் நிற்பார்கள். அதற்கு முன் நர்ஸ் ஒருவரை நிற்க வைத்து, முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை பால் கொடுத்துக் காட்டுங்கள். பிடிப்பு தவறாக இருந்தால் அங்கேயே திருத்திவிடலாம். வீட்டுக்கு வந்தபின் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

அடுத்து, பிறந்த உடனே போட வேண்டிய மூன்றும் தடுப்பூசி அட்டையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்: இடது தோளில் காசநோய்க்கான பிசிஜி ஊசி, வாயில் போலியோ சொட்டு, கல்லீரல் தொற்றைத் தடுக்கும் ஹெபடைடிஸ் பி ஊசி. ஹெபடைடிஸ் பி முதல் டோஸ் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது.

டிஸ்சார்ஜ் சீட்டில் பிறந்த எடையும் கிளம்பும்போது உள்ள எடையும் இருக்கட்டும். முதல் சில நாளில் குழந்தை எடை குறைவது இயல்பு. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால்தான் கவலை. இரண்டு எண்ணும் கையில் இல்லாவிட்டால் பிறகு எதை வைத்து ஒப்பிடுவது?

பிறப்புப் பதிவுக்குத் தாய் தகப்பன் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கர்ப்பப் பதிவின்போது கொடுத்த பிக்மி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அது கேட்கப்படும்.

அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் வீடு வரை கொண்டுவிட 102 தாய் சேய் ஊர்தி இலவசம். டூ வீலரில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டி வருவதை இன்னும் பார்க்கிறேன். தையல் போட்ட உடம்புக்கும் பச்சை உடம்புக்கும் அது ஆகாது.

2. எந்த அறை

பழைய ஓட்டு வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு உள்ளே இருட்டறையைக் கொடுப்பது வழக்கம். காற்று படக்கூடாது, கண் படக்கூடாது என்பார்கள். அந்த அறையை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். குழந்தையின் தோல் மஞ்சளாகிறதா என்று பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். இருட்டில் இருக்கும் குழந்தை ராப்பகல் வித்தியாசம் பழகவும் நாளாகும்.

ஜன்னல் உள்ள அறை, கக்கூசுக்குப் பக்கம், அடுப்படியிலிருந்து தள்ளி. இந்த மூன்றும் போதும். கழிப்பறை கொல்லையின் கோடியில் இருந்தால், ராத்திரி போய்வர வழியில் விளக்கு போட்டுவிடுங்கள். சிசேரியன் ஆனவள் இருட்டில் படியிறங்கக் கூடாது.

மின்விசிறி போடலாம், நேராகக் குழந்தை மேல் படாமல். ஏசி இருந்தால் 26 டிகிரி அளவில். தாய்க்குப் பொருத்தமான சூட்டில் குழந்தைக்கு ஒரு துணி கூடுதல் என்பது நல்ல கணக்கு. அக்னி நட்சத்திர வெயிலில் கம்பளித் தொப்பியும் காலுறையும் மாட்டி, அப்புறம் உடம்பு சுடுகிறது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் உண்டு.

தாய் உட்காரும் இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இவை இருக்கட்டும்: ஒரு செம்பு தண்ணீர், மாற்றுத் துணி, துடைக்கும் துணி, தலையணை இரண்டு, சின்ன விளக்கு, போன் சார்ஜர், தெர்மாமீட்டர். பால் குடிக்கும் குழந்தையை விலக்கிவிட்டு எழுந்து போகிற வேலை இருக்கக் கூடாது.

3. வேலையைப் பிரிப்பது, பிள்ளை வருவதற்கு முன்பே

யார் யார் என்ன செய்வது என்று முன்பே பேசி வைக்க வேண்டும். வந்த பிறகு பேசினால் அது மனத்தாங்கலாக மாறிவிடும்.

பால் கொடுப்பது ஒன்றுதான் தாய் மட்டுமே செய்யக்கூடிய வேலை. மற்ற எல்லாம் பிறர் கைக்குப் போகலாம். பெரும்பாலான வீடுகளில் நேர்மாறாக நடக்கிறது. எல்லோரும் பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்வார்கள். தாய் துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

பிள்ளை பெற்றவளின் அம்மாவுக்கு சமையலும் குளிப்பாட்டலும் என்றால், அவள் அப்பாவுக்குக் கடை கண்ணியும் வாசலில் வருகிறவர்களும். ராத்திரியில் பால் கொடுத்த பிறகு தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்து, துணி மாற்றிப் படுக்க வைக்க ஒரு ஆள் வேண்டும். புருஷன் வெளியூரில் வேலையென்றால் அது தங்கையாகவோ அம்மாவாகவோ இருக்கட்டும். ஒரே ஆள் தினமும் கண் விழித்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. முன்னிரவு ஒருவர், பின்னிரவு ஒருவர் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

புருஷன் வாரக் கடைசியில் மட்டும் வருகிறவர் என்றால், அந்த இரண்டு ராத்திரியும் அவருடையது. விருந்தாளியாக வந்து பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போனால் மூன்றாம் மாதம் அவர் வீட்டில் பிள்ளையை வளர்க்கும்போது ஒன்றும் தெரியாமல் முழிப்பார்.

4. பால்: முதல் இரண்டு வாரத்தின் முழு வேலை

முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, கொஞ்சமாகத்தான் வரும். குழந்தைக்கு அவ்வளவுதான் தேவை. மூன்று நான்கு நாளில் பால் பெருகும். சிசேரியன் என்றால் சிலருக்கு ஒரு நாள் தள்ளிப் போகும்.

தடுமாற்றம் தொடங்குவது பெரும்பாலும் இரண்டாம் ராத்திரி. குழந்தை விடாமல் அழும், விட்டு விட்டுக் குடிக்கும். "பால் பத்தலை" என்று யாராவது சொல்வார்கள். உடனே பவுடர் பால் கரைத்துப் புட்டியில் கொடுப்பார்கள். குழந்தை வயிறு நிறைந்து மூன்று நாலு மணி நேரம் தூங்கும். "பாத்தியா, பசிதான்" என்பார்கள். அந்த நாலு மணி நேரமும் மார்பு உறிஞ்சப்படவில்லை. உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். உறிஞ்சல் குறைந்தால் ஊறலும் குறையும். இரண்டு வாரத்தில் நிஜமாகவே பால் பற்றாமல் போய்விடும். அந்த இரண்டாம் ராத்திரியைப் பவுடர் இல்லாமல் கடந்துவிட்ட வீடுகளில் பெரும்பாலும் பிறகு பிரச்சினை வருவதில்லை.

செய்ய வேண்டிய வரிசை:

முதலில் உட்காரும் விதம். முதுகுக்குச் சாய்மானம், காலுக்கு ஒரு மணை. தாய் குனிந்து குழந்தையிடம் போகக் கூடாது. குழந்தையை உயர்த்தி மார்புக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்தே கொடுத்தால் பத்து நாளில் முதுகு போய்விடும். சிசேரியன் ஆனவர்கள் குழந்தையின் உடம்பைப் பக்கவாட்டில், அக்குளில் இடுக்கியதுபோல் வைத்துக் கொடுத்தால் தையலில் எடை படாது.

பிறகு பிடிப்பு. குழந்தை வாயை அகலத் திறக்கும்வரை பொறுங்கள். காம்பு மட்டும் வாயில் போனால் போதாது; சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி, முக்கியமாகக் கீழ்ப்பக்கம், உள்ளே போக வேண்டும். மோவாய் மார்பைத் தொட வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். தொடர்ந்து வலித்தால் பிடிப்பு சரியில்லை. சுண்டுவிரலைக் குழந்தையின் கடைவாயில் நுழைத்து விடுவித்து மறுபடி வையுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு கொடுப்பதால்தான் காம்பு வெடிக்கிறது. வெடித்தால் கொடுத்து முடித்தபின் தன் பாலையே ஒரு சொட்டுத் தடவிக் காற்றாட விடலாம்.

எத்தனை முறை? ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை, ராத்திரி சேர்த்து. அழுத பிறகு கொடுப்பது தாமதம். கையை வாய்க்குக் கொண்டு போவது, தலையைத் திருப்பித் தேடுவது, உதட்டைச் சப்புவது, இதெல்லாம் பசியின் ஆரம்பம். முதல் இரண்டு வாரத்தில், எடை திரும்பும் வரை, மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிக் கொடுங்கள். துணியை விலக்கி உள்ளங்காலை லேசாகத் தடவினால் விழிக்கும்.

சாயங்காலம் ஆனால் குழந்தை அரை மணிக்கொருதரம் கேட்கும். இரண்டு மூன்று வாரத்திலும், ஆறாவது வாரத்திலும் இது அதிகமாகும். பால் வற்றிவிட்டது என்று அர்த்தம் இல்லை. குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். அந்த நேரத்தில் தாயை ஓரிடத்தில் உட்கார வைத்துச் சாப்பாட்டை அங்கேயே கொண்டு கொடுங்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணி, தேன், கழுதைப் பால், கிரைப் வாட்டர், வெறும் தண்ணீர் ஒன்றும் வேண்டாம். மே மாதக் கத்திரி வெயிலிலும் தண்ணீர் வேண்டாம். தேவையான நீர் பாலிலேயே இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தும், வைட்டமின் டி சொட்டும்தான் விலக்கு.

டாக்டரே மேல்பால் கொடுக்கச் சொன்னால் தயங்காமல் கொடுங்கள், அதில் தாய்க்குக் குற்றவுணர்வு வேண்டாம். பீய்ச்சிய பாலோ பவுடர் பாலோ, கொதிக்க வைத்த பாலாடையில், அதாவது சங்குபோல் மூக்குள்ள சின்னக் கிண்ணத்தில், கொடுங்கள். புட்டியின் இடுக்குகளைச் சுத்தமாக வைத்திருப்பது கஷ்டம். பாலாடையைக் கழுவி ஐந்து பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் வேலை முடிந்தது.

5. வயிறு நிறைகிறதா என்று கண்டுபிடிக்கும் கணக்கு

அழுகையை வைத்துப் பாலை அளக்க முடியாது. மூத்திரத்தை வைத்து அளக்கலாம். முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை என்று ஏறி, ஆறாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு முறை துணி நனைய வேண்டும். அதனால்தான் முதல் இரண்டு வாரம் டயபரைவிட வேட்டித் துணி நல்லது என்பேன். எத்தனை முறை என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்.

மலம் முதலில் கருப்பாக, பிசுபிசுவென்று வரும்; காட்டுப்பீ என்பார்கள். ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாகிவிட வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குப் பல முறை தண்ணீர்போலப் போவதும், ஒரு மாதம் ஆனபின் சில நாள் போகாமலே இருப்பதும் இயல்பு. மெத்தென்று வந்தால் மலச்சிக்கல் இல்லை. வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து வைக்கிற வேலை வேண்டாம்.

குடித்ததும் கொஞ்சம் கக்குவது எல்லாக் குழந்தைக்கும் உண்டு. பச்சையாகக் கக்கினால் அது வேறு, அன்றே ஆஸ்பத்திரி.

பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அதன்பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் தராசில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மளிகைக் கடைத் தராசில் நிறுத்தி மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

6. சுவரில் ஒட்ட வேண்டிய தாள்

இதைப் பின்னால் வைக்காமல் இங்கே வைக்கிறேன், முதல் வாரத்திலேயே தேவைப்படலாம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

குழந்தை பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடப்பது. ஒரு நிமிடம் முழுதாக எண்ணி மூச்சு 60-க்கு மேல் போவது, மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கூடு உள்ளே குழிவது. வலிப்பு. உதடு நீலமாவது. மஞ்சள் நிறம் முதல் நாளிலேயே தெரிவது, அல்லது உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்குவது. தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வருவது. உடம்பு சில்லென்று ஆகி, நெஞ்சோடு அணைத்தும் சூடேறாதது.

காய்ச்சல் பார்க்கும் முறை: அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து 99.5 டிகிரிக்கு மேல் காட்டினால் போர்த்தியதை எடுத்துவிட்டு, பால் கொடுத்து, அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். இறங்கவில்லை என்றாலோ 100.4-ஐத் தொட்டாலோ ஆஸ்பத்திரி. வீட்டில் மருந்து கொடுக்காதீர்கள். இந்த வயதில் காய்ச்சல் என்பதே டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம்.

மஞ்சளுக்கு இளவெயிலில் காட்டினால் போதும் என்று நம்பிக் காத்திருப்பது நான் பார்த்த தவறுகளில் மிக ஆபத்தானது. காமாலை கூடினால் மூளையைப் பாதிக்கும். ரத்தம் பார்த்து, தேவையென்றால் நீல விளக்கில் வைப்பதுதான் சிகிச்சை.

தாளில் 108-ஐ எழுதுங்கள். பச்சைக் குழந்தைகளுக்கான தனிப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி உங்களுக்கு எது பக்கம் என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் இராசா மிராசுதார் மருத்துவமனை, திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ராத்திரி வண்டி ஓட்டிவரக்கூடிய இரண்டு பேர் எண்ணும் அதிலேயே இருக்கட்டும்.

7. தூக்கமும் தூளியும்

பச்சைக் குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. அதனால் ராத்திரி முழுத் தூக்கம் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். குழந்தை தூங்கும்போது தாயும் தூங்க வேண்டும் என்பதை வீட்டில் சட்டமாகவே வையுங்கள். காலை பத்து மணிக்கு மகள் தூங்குகிறாள் என்றால் யாரும் எழுப்பக் கூடாது.

பகலில் ஜன்னலைத் திறந்து, பேச்சுச் சத்தத்தோடு தூங்கட்டும். ராத்திரி விளக்கைக் குறைத்து, பேசாமல், துணி மாற்றிப் பால் கொடுத்துப் படுக்க வையுங்கள். சில வாரத்தில் வித்தியாசம் பழகிவிடும்.

மல்லாந்து படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு. கெட்டியான, சமமான படுக்கை. முகத்தருகே தலையணை, கடுகுத் தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம். பால் கொடுத்துக்கொண்டே தாய் அசந்துவிடுவது நடக்கும். அதனால் சோபாவிலோ ஈசி சேரிலோ ராத்திரிப் பால் கொடுக்க வேண்டாம்.

தூளி இல்லாத வீடு நம் பக்கம் கிடையாது. நான் சொல்வது இது: முதல் 45 நாள் ராத்திரிக்குத் தூளி வேண்டாம், பகலில் பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். துணி முகத்தை மூடிக்கொள்ளாமல் இருக்க மேலே விரித்துப் பிடிக்கும் கட்டையைப் போடுங்கள். பழைய பருத்திப் புடவையே நல்லது, வழுக்கும் பட்டு நைலான் வேண்டாம். விட்டமோ கொக்கியோ ஒரு பெரிய ஆள் எடையைத் தாங்குகிறதா என்று தொங்கிப் பாருங்கள். குழந்தையின் மோவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குத் தடை. உடனே எடுத்துச் சமமாகக் கிடத்துங்கள். தரையிலிருந்து உயரம் குறைவாகக் கட்டுங்கள். மூத்த பிள்ளைகள் ஆட்ட வேண்டாம்.

8. குளியல்

முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம். தொப்புள் கொடி காய்ந்து விழும் வரை, அதாவது ஒன்று இரண்டு வாரம், வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். தொப்புளில் எதுவும் போடாதீர்கள். சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் எல்லாம் அதை ஈரமாக வைத்திருக்கும் அல்லது கிருமியைக் கொண்டு வரும். இடுப்புத் துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டி, காற்றில் காயவிடுங்கள்.

கொடி விழுந்தபின் நம் வழக்கப்படியே காலில் போட்டுக் குளிப்பாட்டலாம். அப்பாயிக்கு அதில் கைப்பழக்கம் இருந்தால் அவரையே விடுங்கள். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் துவட்டும் துணி, மாற்றுத் துணி எல்லாம் எடுத்து வைத்து, கதவைச் சாத்தி, தண்ணீரை விளாவி முழங்கையால் சூடு பார்த்து, அதற்கப்புறம் குழந்தையை அவிழ்க்க வேண்டும். ஈர உடம்போடு துண்டைத் தேடுகிற நேரத்தில்தான் குழந்தை குளிர்ந்து போகிறது. ஐந்து நிமிடத்துக்குள் முடியட்டும்.

எண்ணெய் தேய்ப்பது நல்லது, மெதுவாக. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது, தொண்டையில் விரல் விடுவது, மூக்கையும் மண்டையையும் பிடித்து வடிவம் செய்வது, கால்களைத் தலைகீழாகத் தூக்கி உதறுவது, இவை ஒன்றும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. மார்பு வீங்கிப் பால் கசிந்தால், ஆண் பிள்ளையானாலும் பெண் பிள்ளையானாலும், பிதுக்காதீர்கள். தாயின் ஹார்மோனால் வருவது, தானாக வற்றும்.

வேதாரண்யம் பக்கம், கடலோரத்தில், போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும். குழந்தைக்கு மட்டும் குழாயில் வரும் நல்ல தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து வையுங்கள்.

9. பெரியவர்களோடு பேசுவது

மேலே சொன்னவற்றில் பாதியை அம்மாவோ அத்தையோ ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் நாலு பிள்ளையை வளர்த்தவர்கள். சண்டை போட்டால் அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள், அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையை வாங்க ஆள் இருக்காது. அந்த உழைப்பை இழக்கக் கூடாது.

அதனால் கெடுதல் இல்லாததை விட்டுக்கொடுங்கள். வசம்பு வளையல் கையில் கட்டுவதா, கட்டட்டும், வாய்க்குப் போகாத அளவில். கன்னத்தில் மைப்பொட்டா, ஒரு ஓரமாக வைக்கட்டும். உள்ளே போவதையும், புகையையும், கண்ணுக்குள் தீட்டுவதையும் மட்டும் உறுதியாகத் தடுங்கள். உரை மருந்து, வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவது, தேன், கண் மை, சாம்பிராணிப் புகை. தேனில் உள்ள கிருமி ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு உடம்பையே செயலிழக்கச் செய்யும் நோயைத் தரலாம். கண் மைகள் சிலவற்றில் ஈயம் இருக்கிறது.

சொல்லும் விதம்: "அத்தை, புதன்கிழமை நர்ஸம்மா ஊசி போட வருவாங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் செய்வோமே." நர்ஸம்மாவிடம் முன்பே விஷயத்தைச் சொல்லி வைத்துவிடுங்கள். அவர் வாயால் கேட்டால் பெரியவர்களும் சரி என்று விட்டுவிடுவார்கள்.

10. தாயின் உடம்பு

பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதுதான் முதல் தவறு. வயிறு போட்டுவிடும், தையல் சீழ் பிடிக்கும் என்பார்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். தாகத்துக்குத் தடை கிடையாது. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், தையல் வலி, நீர்க்கடுப்பு.

பாலூட்டும் முதல் ஆறு மாதம் ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் சோறும் மட்டும் போட்டால் அது வராது. மருந்துக் குழம்பு, பிரசவ லேகியம் எல்லாம் அளவாக இருக்கட்டும். அதோடு கீரை, பருப்பு, முட்டை, மீன், பால், பழம் எல்லாம் சேரட்டும். நாகை, தரங்கம்பாடிப் பக்கம் செய்யும் சுறாப்புட்டு நல்ல புரதம். அரசு தரும் இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் பிரசவத்துக்குப் பின் 180 நாள் விழுங்க வேண்டும். பல பேர் வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

ரத்தப்போக்கு குறைந்துகொண்டே வந்து நாலிலிருந்து ஆறு வாரம் வரை இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தால், பெரிய கட்டிகள் விழுந்தால், நாற்றமடித்தால், காய்ச்சல் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தலைவலியோடு கண் மங்கினால் உடனே டாக்டர். வயிற்றில் இறுக்கிப் புடவை கட்டுவது உள்ளே ஒன்றையும் சரி செய்யாது. நாற்பது நாளும் படுத்தே இருக்கவும் வேண்டாம். முற்றத்தில் மெல்ல நடந்தால் காலில் ரத்தம் உறையாது.

மூன்று நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வரும். இரண்டு வாரத்துக்குள் தானாகத் தெளியும். தெளியாமல், குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல், தூக்கம் வந்தும் தூங்க முடியாமல், செத்துப் போகலாமா என்ற நினைப்பு வந்தால் அது நோய். காத்து கருப்பு என்று கயிறு கட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். 14416 டெலி மனஸ் எண்ணில் ராப்பகல் எந்நேரமும் பேசலாம், 104-லும் பேசலாம். பெண் பிள்ளை பிறந்தது என்று முகம் சுளிக்கிறவர்களை அவள் அறைக்குள் விடாதீர்கள்.

11. துணி, மழை, கொசு

பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணி 25 முதல் 30 வரை வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் பிறக்கும் பிள்ளை என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு, ஏனென்றால் அடைமழையில் இரண்டு நாளானாலும் காயாது. ஈரத் துணியைக் கட்டினால் அரிப்பும் புண்ணும். உள்ளே கொடி கட்டி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள். அந்த வாரங்களில் ராத்திரிக்கு டயபர் வைத்துக்கொள்வதில் தவறில்லை, நாலு மணிக்கொருதரம் மாற்றினால்.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கொசுவும் வரும். குடைபோல் விரியும் கொசுவலை முதல் நாளே வாங்கிவிடுங்கள், பகல் தூக்கத்துக்கும் சேர்த்து. கொசுவர்த்தியும் வேப்பிலைப் புகையும் வேண்டாம். கொசுவிரட்டிக் களிம்பு இரண்டு மாதத்துக்குள் கூடாது.

புயல் காலத்தில் பிரசவம் என்றால் ஒரு முன்னேற்பாடு. 2018 நவம்பர் 16 அன்று கஜா கரை கடந்தபின் வேதாரண்யம் பக்கத்து ஊர்களில் பல நாள் மின்சாரம் இல்லை, வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. புயல் அறிவிப்பு வந்தால் குடிதண்ணீர், காய்ந்த துணி, டார்ச், தாயின் மாத்திரை, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, நேரத்தோடே கான்கிரீட் வீட்டுக்குப் போய்விடுங்கள். தாய்ப்பால் கொடுப்பவளுக்கு அடுப்பும் கரண்டும் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குச் சாப்பாடு இருக்கும்.

12. பார்க்க வருகிறவர்கள்

தடுக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம். சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை என்று அப்பா சொல்லிவிடட்டும்; பிள்ளை பெற்றவள் வாயால் சொல்ல வேண்டாம். கை கழுவ வாசலிலேயே வாளியும் சோப்பும். சளி, இருமல், காய்ச்சல், அக்கி உள்ளவர்கள் பிறகு வரட்டும். உதட்டில் முத்தம் வேண்டாம். பால் கொடுக்கும் நேரம் வந்தால் கதவு சாத்தப்படும், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

13. பிறப்புச் சான்றிதழும் பணமும்

இது அப்பாவின் வேலை, இரண்டாம் வாரத்தில். பிறந்த இடத்தில்தான் பதிவாகும். வசிக்கும் ஊரில் இல்லை. கும்பகோணத்தில் பிறந்த பிள்ளைக்கு மன்னார்குடியில் கேட்டு அலைய வேண்டாம். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள், ஆனால் 21 நாளுக்குள் பதிவானதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அதற்குள் கட்டணம் இல்லை.

பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பெயரில்லாமல் பதிந்து, ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். முன்னெழுத்தில் ஒரு எழுத்துப் பிழையானாலும் பிறகு அலைச்சல்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் சேர்ந்திருந்தால், மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் வரும் உதவியின் பிற்பகுதித் தவணைகள் குழந்தையின் தடுப்பூசியோடு சேர்த்துப் பார்க்கப்படும். வங்கிக் கணக்கு தாயின் பெயரில் நடப்பில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

14. 45 நாள் ஊசி

ஆறு வாரம் முடிந்ததும் அடுத்து வரும் புதன்கிழமை. வாயில் போலியோ சொட்டும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்தும்; இடது தொடையில் ஐந்து நோய்க்கான பென்டா, வலது தொடையில் நிமோனியாவைத் தடுக்கும் நிமோகோக்கல், வலது கையில் போலியோ ஊசி. ஒரே நாளில் மூன்று குத்தா என்று பயந்து பிரித்துப் போடச் சொல்லாதீர்கள். சேர்த்துப் போடுவதில் கெடுதல் இல்லை. பிரித்தால் பாதுகாப்புதான் தள்ளிப் போகும்.

போட்டதும் அங்கேயே பால் கொடுங்கள், அழுகை அடங்கும். அரை மணி உட்கார்ந்து கிளம்புங்கள். ராத்திரி காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வரலாம். நர்ஸம்மா எடைக்குத் தகுந்து சொன்ன அளவில் மட்டும் பாரசிட்டமால் சொட்டு. குத்திய இடத்தில் தேய்க்கவோ எதுவும் பூசவோ வேண்டாம். பிசிஜி போட்ட இடத்தில் இந்தச் சமயத்தில் சின்னக் கொப்புளம் கிளம்பியிருக்கும், அதையும் தொடாதீர்கள்.

தாயையும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்: தையல், ரத்த அழுத்தம், ரத்தச் சோகை, அடுத்த குழந்தைக்கான இடைவெளி. மாதவிலக்கு வராவிட்டாலும் கர்ப்பம் தரிக்கலாம் என்பது பல பேருக்குத் தெரியாது.

அடுத்த ஊசி 10-ஆவது வாரம், அதன்பின் 14-ஆவது வாரம். மூன்றாம் மாதம் பிள்ளையைக் கொண்டுவிடும் வழக்கம் இருந்தால் ஒன்று மாமியார் வீட்டு ஊரில் விழும். கிளம்பும் முன் அந்த ஊர் செவிலியரின் எண்ணை வாங்கிப் பேசிவிட்டு, அட்டையைச் சீர்ப் பாத்திரங்களோடு பெட்டியில் கட்டாமல் தாயின் கைப்பையில் வையுங்கள்.